புனிதர் வாசலில் பட்டினி

லசார் என்கிற அந்தப் பெண் வந்து உட்கார்ந்தது ஒரு திங்கட்கிழமை காலை. நான் அடுப்படியில் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தேன். கழிமுகத்துக்காரி ஒருத்தி புனிதருடைய கல்லறை வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள் என்று ஆட்டுக்கொட்டில் பார்க்கும் மடத்துச் சகோதரர் வந்து சொன்னார். பிச்சைக்கு வந்தவளாக இருக்கும் என்று நினைத்து ஒரு பார்லி ரொட்டியும் ஒரு கிண்ணம் மோரும் எடுத்துக்கொண்டு போனேன். மடத்துச் சமையல்காரனுக்கு உலகத்தில் எல்லோரும் பசித்தவர்களாகத்தான் தெரிவார்கள்.

கிண்ணத்தை அவள் ஒரு விரலால் தள்ளிவைத்தாள். சாப்பாடு வேண்டாம், பட்டினி கிடக்க வந்திருக்கிறேன் என்றாள்.

"யார் மேல?" என்றேன்.

"உள்ள படுத்திருக்காரே, அவர் மேல."

கல்லறைக்குள் படுத்திருந்தவர் புனித ஆர்த்கல். இந்த மடத்தைக் கட்டியவர். அவர் செத்து நான்கு தலைமுறை ஆகிறது.

பட்டினி கிடப்பது எங்களுக்குப் புதிதில்லை. பெரிய மனிதன் ஒருவன் அநியாயம் செய்துவிட்டு வழக்குக்கு வர மறுத்தால், எளியவன் அவன் வாசலில் போய் உட்கார்ந்து சாப்பிடாமல் கிடப்பான். உள்ளே இருப்பவன் ஒன்று அவன் கேட்டதைக் கொடுக்க வேண்டும், அல்லது தானும் பட்டினி கிடக்க வேண்டும். யார் முதலில் வாயில் போடுகிறாரோ அவர் தோற்றார். உள்ளே இருப்பவன் தோற்றால் கேட்டதைக் கொடுத்தே தீர வேண்டும், அதோடு மானமும் போய்விடும். மானம் போனவனோடு யாரும் ஒரு மேசையில் உட்கார மாட்டார்கள். எங்கள் புனிதர்களே ராஜாக்கள் மேல் கிடந்திருக்கிறார்கள். சிலர் ஆண்டவர் மேலேயே கிடந்து கேட்டதை வாங்கியிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். ஆனால் செத்தவர் மேல் யாரும் கிடந்து நான் பார்த்ததில்லை. செத்தவர் சாப்பிடுவதில்லை. அவரை எந்தக் காலத்தில் தோற்கடிப்பது? இதை அவளிடமே கேட்டேன்.

"அவரோட நாற்காலியில உக்காந்து அவரோட பங்கைச் சாப்பிடுறவர் ஒருத்தர் இருக்காருல்ல? அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள்.

அப்போதுதான் இவள் லேசுப்பட்டவள் இல்லை என்று தெரிந்தது. மோரை நானே குடித்துவிட்டு மடாதிபதியைத் தேடிப் போனேன்.

எங்கள் புனிதர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். தங்கமானவர்கள். குஷ்டரோகியைக் கட்டிப்பிடிப்பார்கள், ஓநாய்க்குக் கன்றைத் தூக்கிக் கொடுப்பார்கள். ஆனால் கோபம் மட்டும் எல்லோருக்கும் மூக்குக்கு மேலே. ஆர்த்கல் கடல்வழியாகத் தோல் படகில் வந்து எங்கள் ஆற்றின் கழிமுகத்தில் இறங்கினாராம். அங்கே வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு மீன் கேட்டாராம். வலை நிறைய மீன் துள்ளிக்கொண்டிருக்க, மீன் இல்லை என்றார்களாம் அவர்கள். "இல்லைன்னு சொன்னீங்கல்ல, இல்லாமலே போகட்டும். உங்க வலையில இனி ஒரு மீனும் தங்காது" என்று கையிலிருந்த மணியை அடித்துச் சபித்துவிட்டு ஆற்றோடு மேலே நடந்து வந்து இந்த இடத்தில் மடம் கட்டினார். அடுத்த வாரம் அவர்களில் ஒருவன் வலை போடப் போய் முழுகிச் செத்தான். அதற்குப் பிறகு கழிமுகத்தில் யாரும் வலையைத் தொடவில்லை.

அங்கே வலை இல்லாததால் கடலிலிருந்து ஏறும் சால்மன் மீன் எல்லாம் நேராக மேலே வரும். மேலே ஆற்றுக்குக் குறுக்கே எங்கள் மடத்தின் மீன் அடைப்பு இருக்கிறது. இலையுதிர்காலம் வந்தால் கூடை கூடையாக அள்ளுவோம். கழிமுகத்தின் ஏழு வீட்டுக்காரர்களும் பாறையில் ஒட்டிய சிப்பியையும் கடற்பாசியையும் தின்றுகொண்டு, தங்கள் கண் முன்னால் மீன் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது புனிதரின் மீன், நமக்கு இல்லை என்று அவர்களே சொல்வார்கள். போதாததற்கு வருஷா வருஷம் புனிதர் திருநாளன்று அவர்களும் மடத்துக்கு வந்து, விருந்துக் கூடத்தில் கதவோரம் நின்று, புனிதரின் வரலாறு வாசிக்கப்படுவதைக் கேட்க வேண்டும். சாபம் வரும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அவர்களும் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு ஒருநாளும் பிடித்ததில்லை.

மடாதிபதி பைலன், ஆர்த்கலுடைய தம்பியின் வம்சம். எங்கள் பக்கத்தில் புனிதரின் நாற்காலி ரத்தம் விட்டு வெளியே போகாது. பைலனுக்கு வயது அறுபதுக்கு மேல், நல்ல கனத்த உடம்பு, வாயில் பாதிப் பல் இல்லை, முழங்கால் இரண்டும் போய்விட்டது. நின்று பூசை வைத்துப் பல வருஷமாகிறது, கிழக் குரு ஒருவர்தான் எல்லாப் பூசையும் வைப்பார். சோம்பேறி என்று சொல்பவர்கள் உண்டு. சாப்பாட்டுப் பிரியர் என்று எல்லோருமே சொல்வார்கள். என் சமையலை மதித்துச் சாப்பிட்ட ஒரே மனிதர் என்பதால் நான் அவரைப் பற்றித் தப்பாகப் பேச விரும்பவில்லை.

சேதியைச் சொன்னதும் கையிலிருந்த ரொட்டித் துண்டைக் கீழே வைத்தார். கடித்த துண்டு. அதைப் பார்த்துக்கொண்டே, "இது அவ உக்காந்ததுக்கு முன்னாடி கடிச்சதுதானே?" என்று கேட்டார். முன்னாடிதான் என்றேன். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு கல்லறை வாசலுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன்.

அவள் எழுந்து வணங்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். சாபத்தை எடுத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் வழக்கு என்றாள். பைலன் அன்பாகத்தான் பேசினார். அடுத்த வசந்தம் வரைக்கும் ஏழு வீட்டுக்கும் பார்லி தருகிறேன் என்றார். அதற்கடுத்த வசந்தத்துக்கு என்று அவள் கேட்டாள். சபித்தவர் நான் இல்லையம்மா, அவருடைய வாய்ச்சொல்லை அவருடைய வாய்தான் திரும்ப எடுக்க முடியும் என்றார் அவர்.

"சாமி, அவரோட பங்கைச் சாப்பிடுறீங்க. அப்ப அவரோட வாயும் உங்களதுதானே?"

 அவள் குரலை உயர்த்தாமல் தொடர்ந்தாள்.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க. பெரியவன் போன வசந்தத்துல போயிட்டான். பாசியைத் தின்னு தின்னு வயிறு வீங்கி. சின்னவ இருக்கா. வர்ற வசந்தத்துக்கு இருப்பாளான்னு நீங்க சொல்லுங்க. மீன் ஏற ஆரம்பிச்சிடுச்சு. இந்தத் தடவை வலை போட்டாத்தான் அவ இருப்பா. இல்லன்னா நான் இங்கயே போயிடறேன், எனக்கு அதைப் பாக்க வேணாம்."

பைலன் திரும்பி வந்ததும் மூத்தவர்களைக் கூட்டச் சொன்னார். சாபத்தை எடுத்துவிடலாம் என்பதுதான் அவர் எண்ணம், அதை மறைக்கவுமில்லை. ஆனால் மடத்துச் சட்டப்படி மூத்தவர்கள் ஒப்பாமல் மடாதிபதி மடத்தின் உரிமை எதையும் தானாக விட்டுக்கொடுக்க முடியாது. காரியஸ்தர் செகீன் எழுந்தார். மடத்தின் நிலம், மாடு, அடைப்பு எல்லாம் அவர் கையில்தான். அவரும் அதே வம்சம், பைலனுக்கு அடுத்து நாற்காலி அவருக்குத்தான். புனிதரின் சாபம் ஒன்று பொய்யானால் மற்றச் சாபங்களுக்கு யார் பயப்படுவார்கள் என்று கேட்டார். நம்முடைய மாட்டை யாரும் ஓட்டிக்கொண்டு போகாமல் இருப்பது எதனால் என்றும் கேட்டார். அடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் அங்கே இருந்த எல்லோருடைய கண்ணிலும் மீன்தான் தெரிந்தது. முடியாது என்று மூத்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதனால் பைலனும் பட்டினி கிடந்தார். அது ஒன்றுதான் மிச்சமிருந்த வழி.

வெளியே அவள், உள்ளே அவர். இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுபோனது நான். சமையல்காரனுக்கு அதைவிடக் கேவலமான வேலை கிடையாது. செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது. அவள் மேல் ஆட்டுத்தோல் ஒன்றைப் போட்டேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று மாலைக்குள் அவள் உதடு வெடித்துவிட்டது. வந்தபோதே எலும்பும் தோலுமாக இருந்தவள், பைலனைப் போல இரண்டு வாரத்துக்குச் சேர்த்து வைத்த உடம்பு இல்லை. இந்தப் பந்தயத்தில் யார் முதலில் விழுவார்கள் என்று குருடனுக்கும் தெரியும்.

செகீனுக்கும் தெரியும். ஆனால் அவருக்குக் காத்திருக்க நேரமில்லை. வியாழக்கிழமை புனிதர் திருநாள். விருந்தில் சால்மன் தலை முதலில் மடாதிபதிக்கு வரும். அதுதான் புனிதரின் பங்கு. அவர் ஒரு வாய் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். மடாதிபதி பட்டினி என்றால் வந்தவர்கள் அத்தனை பேரும் பட்டினி. அரசன் வேறு வருகிறான். எங்கள் அரசன் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், ஒரு மேட்டில் ஏறி நின்றால் அவன் ராஜ்ஜியம் முழுவதும் தெரியும். ஆனால் சாப்பாட்டில் பேரரசன். அவனைத் திருநாளன்று வெறும் வயிற்றோடு அனுப்பினால் அந்தக் கதை பத்துத் தலைமுறைக்கு ஓடும்.

புதன்கிழமை மத்தியானம் செகீன் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் வந்தார். மனுஷன் சிரித்து நான் பார்த்தது குறைவு. வழி கண்டுபிடித்துவிட்டேன் என்றார். அவர் நேராக லசாரிடம் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார். நாளைக்குத் திருநாள் பூசை, மடத்து எல்லைக்குள் இருக்கிற எல்லோரும் நற்கருணை அப்பம் வாங்க வேண்டும், வாங்காதவள் திருச்சபைக்கு வெளியே போனவள், வெளியே போனவளுக்குப் புனிதர் மேல் வழக்கு கிடையாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"வாங்கினா?" என்றேன்.

"வாங்கினா அப்பம் தொண்டையில இறங்கிடுச்சுல்ல? பட்டினி முறிஞ்சுது. வாங்கலன்னா வழக்கே இல்ல. எப்படி?"

பானையைக் கிளறினேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பூசையில் அந்த அப்பம் ஆண்டவருடைய உடலே ஆகிறது, அதைத் தூண்டிலில் மாட்டுகிற வேலை இது. செகீனுக்கு அப்படித் தோன்றவே இல்லை. அவர் கெட்டவர் என்றும் சொல்ல மாட்டேன், மடத்துக்காக மாடாய் உழைக்கிற மனிதர். அந்த மாதிரி உழைப்பவர்களிடம்தான் எனக்குப் பயம்.

தண்ணீர் கொண்டுபோனபோது இதைப் பைலனிடம் சொன்னேன். படுக்கையில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக் கேட்டார். கன்னம் கொஞ்சம் தொங்கிவிட்டது. அவள் வாங்குவாளா என்று கேட்டார். வேறு என்ன செய்வாள் சாமி என்றேன். பிறகு, நாளைக்கு யார் பூசை வைக்கிறது என்று கேட்டார். வழக்கம்போலக் கிழக் குருதான் என்றேன்.

"அவரைச் சும்மா இருக்கச் சொல்லு. நானே வைக்கிறேன்."

"முழங்கால் தாங்காது சாமி. பட்டினி வேற."

"தாங்கும். குவான், நாளைக்குப் பூசை அப்பத்தைக் கொஞ்சம் பெருசா சுடு."

பசி மனிதனை எப்படியெல்லாம் பேச வைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. எங்கள் மடத்தில் பூசைக்கு ஒரே அப்பம்தான், அதை உடைத்துத்தான் எல்லோருக்கும் பங்கு. அதைச் சுடுவதும் நான்தான். பெரிதாகவே சுட்டேன்.

மடாதிபதி தானே பூசை வைக்கிறார் என்று கேட்டதும் செகீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பட்டினியோடு நின்று பூசை வைக்கிற மடாதிபதியை அரசன் பார்க்கட்டும் என்றார்.

திருநாளன்று கோயில் கொள்ளாத கூட்டம். பாதிப் பேர் வெளியே புல்லில் நின்றார்கள், கதவு திறந்தே இருந்தது. அரசனும், அவனுக்காக வழக்குத் தீர்க்கும் கிழ நீதிமானும் முன்னால் நின்றார்கள். லசாரை அவளுடைய ஆட்களில் இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். பைலன் பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். குரல் மட்டும் பழையபடி இருந்தது.

குருவானவர் நற்கருணை உட்கொள்ளும்போது பீடத்தைப் பார்த்து நிற்பதுதான் வழக்கம். பைலன் திரும்பி எங்களைப் பார்த்து நின்றார். அப்பத்தில் தன் பங்கை உடைத்தார். சின்னத் துண்டு இல்லை. எல்லோரும் பார்க்க அதை வாயில் போட்டு, இருக்கிற பல்லை வைத்துக்கொண்டு நெடுநேரம் மென்றார். பசி என்று எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது, தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு ஜனங்கள் வரிசையில் போனார்கள். லசார் கடைசியாகப் போனாள். அவளுடைய உள்ளங்கையில் அப்பத்தை வைத்தபோதும் பைலனுடைய தாடை அசைந்துகொண்டுதான் இருந்தது. அவள் கையைப் பார்த்தாள், அவருடைய வாயைப் பார்த்தாள். பிறகு அப்பத்தை வாயில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற செகீன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

விருந்துக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கழிமுகத்து ஆட்கள் கதவோரம் நின்றார்கள், லசார் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் சால்மன் தலையைக் கொண்டுபோய்ப் பைலன் முன்னால் வைத்தேன். வெண்ணெயில் பொரித்து மேலே காட்டுப்பூண்டு தூவியது. சொல்லிக்கொள்வதற்கென்ன, நன்றாக வந்திருந்தது. பைலன் அதில் கை வைக்கவில்லை. கூடம் முழுவதும் அந்தக் கையையே பார்த்தது. அரசன் ஒருமுறை தொண்டையைக் கனைத்தான்.

செகீன் எழுந்தார். அரசனுக்கும் நீதிமானுக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, இந்தப் பெண் நம் புனிதர் மேல் பட்டினி கிடந்தாள், இன்று காலை எல்லோருக்கும் முன்னால் அப்பத்தை வாங்கி விழுங்கினாள், பட்டினி முறிந்தது, வழக்கும் முடிந்தது, எல்லோரும் சாப்பிடலாம் என்றார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கெட்டிக்காரர் என்று யாரோ முணுமுணுத்தார்கள். நீதிமான் லசாரைப் பார்த்து, விழுங்கினாயா என்று கேட்டார்.

"விழுங்கினேன்" என்றாள். எழுந்து நிற்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஆனா எனக்கு முன்னாடி யார் விழுங்கினாங்க?"

 கலயத்தைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே இருந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடி வரைக்கும் அது எனக்கு உறைக்கவில்லை. செகீனுக்கும் உறைக்கவில்லை. பூசையில் குருவானவர் அப்பத்தை உட்கொள்வதை நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், அவர் மூச்சு விடுவதை யாராவது கவனிக்கிறோமா?

செகீன்தான் முதலில் வாயைத் திறந்தார். அது சாப்பாடே இல்லை, ஆண்டவருடைய உடல் என்றார்.

"அப்ப அவளும் சாப்பிடல" என்றார் நீதிமான். "பட்டினி ரெண்டு பக்கமும் நிக்குது. யாரும் மீனைத் தொடக்கூடாது." அரசன் மீனை ஏக்கமாகப் பார்த்தான். நீதிமான் பைலன் பக்கம் திரும்பினார். "சாமி, காலையில வாயில போட்டது சாப்பாடா, இல்லையா? நீங்கதான் சொல்லணும். உங்க வார்த்தைதான் முடிவு."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்காலி இருக்கும், மானம் இருக்கும், புனிதரின் சாபம் இருக்கும். அவள் இன்னும் இரண்டு நாள் தாங்குவாளோ என்னவோ, தானாகவே எல்லாம் முடிந்துவிடும். பைலன் தன் முன்னால் இருந்த மீன் தலையைப் பார்த்தார்.

"சாப்பாடுதான்" என்றார். "ஆண்டவர் உடல்னு மட்டும் நெனச்சு நான் வாங்கல. பசி தாங்கல. பசிக்கித்தான் தின்னேன். நீங்களே பாத்தீங்கல்ல, எப்படி மென்னேன்னு."

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு குருவானவர், மடாதிபதி, புனிதரின் ரத்தம், ஆண்டவரின் அப்பத்தை வயிற்றுக்காகத் தின்றேன் என்று அரசனுக்கு முன்னால் சொல்கிறார்.  ஏன் பெரிய அப்பம் கேட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் தெரிய வேண்டுமே.

நீதிமான் நேரம் கடத்தவில்லை. ஆர்த்கல் தோற்றார், பெண் கேட்டது கொடுக்கப்பட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். பைலன் தடியை ஊன்றி எழுந்து, கதவோரம் நின்ற கழிமுகத்து ஆட்களைப் பார்த்து, "போய் வலை போடுங்க" என்றார். அவ்வளவுதான். மணி அடிக்கவில்லை, மந்திரம் சொல்லவில்லை. பிறகு அவரே நாற்காலியிலிருந்து விலகி நின்றார், ஏனென்றால் அரசன் ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டான். தோற்றவனோடு ஒரு மேசையில் உட்கார மாட்டான் அல்லவா. செகீன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மீன் தலையில் ஒரு வாய் எடுத்தார். எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

பைலன் அடுப்படிக்கு வந்தார். லசாரையும் அவளுடைய ஆட்கள் அங்கேதான் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். வெறும் வயிற்றில் கனமாகக் கொடுக்கக்கூடாது என்று இரண்டு பேருக்கும் ஓட்ஸ் கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுத்தேன். அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. வரலாறு வாசிக்கிறார்கள் போல.

கிண்ணத்தை வழித்துவிட்டு லசார் தலையை நிமிர்த்தினாள்.

"நல்லா மெதுவா மென்னீங்க சாமி."

"பல்லு இல்லையேம்மா" என்றார் பைலன்.

 நான் இன்னொரு கரண்டி கஞ்சி ஊற்றினேன். அன்றைக்குச் சமைத்ததில் எனக்குத் திருப்தி தந்தது அந்தக் கஞ்சி மட்டும்தான்.

வலை போட்ட அன்று நான் அங்கே இல்லை. கேட்டதைத்தான் சொல்கிறேன். ஆண்கள் எல்லோரும் கரையிலேயே நின்றுவிட்டார்களாம், ஒருவருக்கும் தண்ணீரில் கால் வைக்கத் துணிவில்லை. வலையும் நல்ல வலை கிடையாது, யாருக்கும் முடிச்சுப் போடத் தெரியாமல் கயிற்றைக் கண்டபடி கட்டியது. லசார் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தானே இழுத்தாளாம். மூன்று மீன் இருந்ததாம். கரையில் நின்ற கிழவன் ஒருவன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதானாம். அடுத்த வசந்தத்தில் அவளுடைய மகள் எங்கள் மடத்து வேலியில் ஏறி உள்ளே குதித்துக் கோழி முட்டை திருடினாள், நான் துரத்திக்கொண்டு ஓடினேன், பிடிக்க முடியவில்லை. அவ்வளவு வேகம்.

எங்கள் அடைப்பில் மீன் பாதியாகக் குறைந்தது. செகீன் மடாதிபதியானார். நன்றாகத்தான் நடத்துகிறார். புனிதரின் வரலாற்றைத் திருத்தி எழுத வைத்தார். இப்போது அதில் ஆர்த்கல் ஒரு கனவில் தோன்றி, கழிமுகத்தாரின் கண்ணீரைக் கண்டு மனமிரங்கித் தானே சாபத்தை எடுத்துவிடுகிறார். லசாரின் பெயர் அதில் இல்லை. ஆனால் பைலன் இருக்கிறார். பெருந்தீனிக்கு ஆண்டவர் கொடுத்த தண்டனைக்கு உதாரணமாக இருக்கிறார். திருநாளன்று அந்த இடம் வரும்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் அந்த நேரத்துக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறேன்.

சுற்றுப்பட்ட மடங்களின் பெரியவர்கள் கூடிப் பைலனுக்குத் தவம் விதித்தார்கள். சாகும் வரை ரொட்டியும் தண்ணீரும், மனிதர் இல்லாத இடத்தில் தனிக் குடிசை. இடத்தை மட்டும் அவரே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். கழிமுகத்து மணல்திட்டைக் கேட்டார். கல்லை அடுக்கிக் கட்டிய சின்னக் குடிசை, காற்று எந்நேரமும் அறையும். வாரம் ஒருமுறை மடத்திலிருந்து ரொட்டி போகிறது. எவ்வளவு பெரிய ரொட்டி என்று தீர்ப்பில் எழுதவில்லை. நான் எழுந்து நடமாடும் வரைக்கும் அது பெரிதாகத்தான் இருக்கும்.

அதோடு லசார் விடுவதில்லை. ஒவ்வொரு வருஷமும் மீன் ஏறத் தொடங்கியதும், வலையில் விழுகிற முதல் சால்மனைச் சுட்டு இலையில் வைத்து அந்தக் குடிசைக்குக் கொண்டுபோகிறாள். போன வருஷம் ரொட்டி கொண்டுபோனபோது நானே பார்த்தேன். தவத்தில் இருக்கிறேன், மீன் சாப்பிடக் கூடாது, எடுத்துக்கொண்டு போ என்று பைலன் உள்ளேயிருந்து சொன்னார். அவள் இலையை வாசலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நீங்கள் சாப்பிடுகிற வரைக்கும் நானும் சாப்பிட மாட்டேன் என்றாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றும் சொன்னாள்.

பைலன் உள்ளே ஏதோ சட்டம் பேசினார். தவத்தில் இருப்பவன் மேல் பட்டினி கிடக்கக் கூடாது என்றார், எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று அவள் கேட்டாள். நான் மணலில் உட்கார்ந்து காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருந்தேன். அலை ஏறி, இறங்கத் தொடங்கியபோது குடிசைக்குள்ளிருந்து கை ஒன்று வெளியே வந்து இலையை உள்ளே இழுத்துக்கொண்டது. மெல்லுகிற சத்தம் கேட்டது. லசார் என் ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். தோற்பது அவருக்குப் பழகிவிட்டது.